வெண்மணி: எந்தப் பெயரால் கூடுகிறோம்?

டிசம்பர் 25 என்றால் கீழ்வெண்மணியில் கூட்டம். செங்கொடிகள், முழக்கம், வீரவணக்கம். ஒரு வருஷம் நானும் போய் நின்றேன். திரும்புகிற பஸ்ஸில் நண்பர் கேட்டார்: 'ஏங்க, இது கூலித் தகராறா, சாதிக் கொலையா?' சட்டென்று பதில் வரவில்லை.

1968இல் கீழத்தஞ்சைக் கூலிகள் கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல். செங்கொடியை இறக்கச் சொன்னது மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம். இறக்கவில்லை. அன்றிரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலிப் போராட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் தீ வைத்தது சேரிக்கு. எரிந்த 44 பேரும் தலித்துகள்.

உயர்நீதிமன்றம் என்ன சொல்லிற்று? இவர்கள் பெரும் நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கூட உண்டு, இவர்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற பொருளில் எழுதி மிராசுதார்களை விடுவித்தது. ஆக, வர்க்கமே அவர்களுக்குத் தப்பிக்கும் வழி. அஞ்சலி செலுத்தும் இயக்கத்தின் மொழியும் வர்க்கம்தான். நேரெதிரான இந்த இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்தால் தோழர்களுக்குக் கோபம் வரும், தெரியும். ஆனாலும் இரண்டிலும் பின்னுக்குப் போவது சேரி. (இதை வைத்து எழுதிய 'குருதிப்புனல்' நாவலோ பண்ணையாரின் ஆண்மைக் குறைக்குள் காரணத்தைத் தேடியது. 1977இல் அதற்கு சாகித்ய அகாதமி பரிசும் கிடைத்தது.)

அதுக்காகச் செங்கொடியைத் தூக்கி எறிஞ்சுட முடியுமா? சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்து இந்த மண்ணில் பண்ணையாளை நிமிர்த்தியது, 1940களில் சீனிவாசராவ் முன்நின்று கட்டிய சங்கம். தலித்தியம் பேசுகிற நாம் இதை லேசாகத் தாண்டிப் போவது நியாயமில்லை.

என் சிக்கல் வேறு. அஞ்சலிக்கு நாம் வைக்கும் பெயர்தான் யார் யார் கூடுவது என்பதைத் தீர்மானிக்கிறது. 'விவசாயத் தொழிலாளி' என்று கூப்பிட்டால் ஊர்த்தெருக்காரரும் வருவார். அது பெரிய பலம். ஆனால் அவர் சாதியைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு, போகும்போது மாட்டிக்கொண்டு போகிறாரே, அதை இந்தப் பெயர் கேட்பதே இல்லை. 'தலித்' என்று மட்டும் கூப்பிட்டால் அவர் வராமலே இருந்துவிடலாம், கேள்வியிலிருந்தும் தப்பிக்கலாம்.

அடுத்த டிசம்பரில் மேடையேறுகிறவர் அரைப்படி நெல்லோடு சேரியையும் சேர்த்துச் சொல்லட்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஊர்த்தெருக்காரரின் முகத்தை நான் பார்க்க வேண்டும்.