லோயர் ஒய்பி ஆனபோது

2007 நவம்பர் 26, திங்கட்கிழமை. கிள்ளான் செஷன்ஸ் நீதிமன்றம். குற்றவாளிக் கூண்டில் நின்ற மூவரும் வழக்கறிஞர்கள்: பொ. உதயகுமார், அவருடைய தம்பி வேதமூர்த்தி, வீ. கணபதிராவ். பத்து நாள் முன்பு பத்தாங் பெர்ஜுந்தையில் நடந்த கூட்டத்தில் பேசியது தேச நிந்தனை என்பது குற்றச்சாட்டு. பேசியது தமிழில். அந்தத் தமிழை வழக்குத் தரப்பு ஒழுங்காகத் தாளில் கொண்டுவந்து சேர்க்கவில்லை. அந்த ஓட்டையில் மூவரும் வெளியே வந்தார்கள். குற்றமற்றவர்கள் என்ற தீர்ப்பு கிடைக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

முதல் நாள்தான் ஜாலான் அம்பாங்கிலும் பத்துமலையிலும் கண்ணீர்ப் புகை. இண்ட்ராஃப் கூட்டமைப்பின் அழைப்பை ஏற்று ஆயிரமாயிரமாய்த் திரண்ட கூட்டம் பிரிட்டிஷ் தூதரகத்தை நெருங்க விடப்படவில்லை. டிசம்பர் 13-இல் அரசு வேறு வழியைப் பிடித்தது. உதயகுமார், கணபதிராவ், மனோகரன், கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய ஐவரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவில் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். இசாவுக்கு எழுத்துப்படியும் வேண்டாம், மொழிபெயர்ப்பும் வேண்டாம், நீதிபதியும் வேண்டாம். வேதமூர்த்தி அப்போது நாட்டைவிட்டுப் போயிருந்தார்.

பதினேழு நாள் இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நம் வழக்கறிஞர்கள் ஏன் அரசியலுக்குப் போனார்கள் என்பது தெரியும். நீதிமன்றத்தின் கதவு சாத்தப்பட்ட இடத்தில் தேர்தல் கதவு திறந்தது. ஆனால் உள்ளே நுழைந்தபோது அவர்கள் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை என்பது என் எண்ணம். அரசியலையும் ஒரு வழக்காகவே நடத்தினார்கள். கிடைத்ததும் அதனால்தான், கை நழுவியதும் அதனால்தான்.

லோயர்கள் நம்மிடையே தலைவர்களாவது புதிதல்ல. இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் முதல் தலைவர் ஜான் திவி ஒரு வழக்கறிஞர். பின்னால் வந்த தேவாசரும் அப்படித்தான். ஆனால் அந்தக் காலத்து வழக்கறிஞர் மேலே இருந்து பேசியவர். தோட்டத்து ஆளுக்கும் அவருக்கும் நடுவில் கங்காணியும் கிராணியும் யூனியன்காரரும் நின்றார்கள். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களும் செம்பனையும் வந்து, லயத்து மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடிசைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறியபோது, நடுவில் நின்ற அத்தனை பேரும் காணாமல் போனார்கள். கோயிலை உடைக்க நோட்டீஸ், வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்று திரும்பி வந்த கடிதம். மலாயில் எழுதிய அந்தத் தாளை வாசித்து, இதற்கு இன்ன தேதிக்குள் பதில் போட வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் லோயர்தான். பிரிக்பீல்ட்ஸ் கல்லூரி வகுப்புகளில் லண்டன் பல்கலைக்கழகச் சட்டப் பட்டத்துக்குப் படித்து, வழக்கறிஞர் தகுதிக்கான சி.எல்.பி. தேர்வில் ஒருமுறை தவறி மறுமுறை தேறிய பிள்ளைகளை எத்தனை குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். வீட்டில் ஒரு லோயர் வேண்டும் என்ற ஆசைக்குப் பின்னால் பெருமையும் உண்டு, பயமும் உண்டு.

உதயகுமாரின் பெயர் பரவியது பயத்தின் பக்கத்திலிருந்துதான். 2004-இல் பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் காவலில் இருந்த ஓர் இளைஞரின் உடல் கிள்ளான் ஆற்றில் கிடைத்தது. தப்பி ஓடி ஆற்றில் குதித்தார் என்றது போலீஸ். தாயின் பக்கம் நின்றவர் உதயகுமார். அடுத்த ஆண்டு மூர்த்தியின் வழக்கு. 1997 எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்த ராணுவ வீரர். 2005 டிசம்பரில் இறந்தார். அவர் மதம் மாறியிருந்தார் என்று ஷரியா நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் தலையிட எனக்கு அதிகாரமில்லை என்று உயர்நீதிமன்றம் மனைவியைத் திருப்பி அனுப்பியது. உடல் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. இண்ட்ராஃப் என்ற கூட்டமைப்பு உருவானது அந்தக் கொதிப்பில். ஒரு தத்துவத்திலிருந்தோ மாநாட்டுத் தீர்மானத்திலிருந்தோ பிறக்காமல், தள்ளுபடியான மனு ஒன்றிலிருந்து பிறந்த மக்கள் இயக்கம் அது.

இந்தப் பிறப்பு இயக்கத்துக்குக் கொடுத்த பலம் பெரியது. அதுவரை நம் குறைகள் புலம்பலாக இருந்தன; தீபாவளி விருந்தில் அமைச்சர் காதில் போடப்பட்டு அங்கேயே கரைந்துபோகும். லோயர்கள் அதற்குத் தேதி போட்டார்கள், இடம் போட்டார்கள், எண்ணிட்டார்கள். 2007 ஆகஸ்டில் புத்ராஜெயாவில் கொடுத்த 18 அம்சக் கோரிக்கை, போலீஸ் புகார் நகல்கள், இடிபட்ட கோயில்களின் பட்டியல். தீபாவளிக்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 30-இல், ஷா ஆலம் பாடாங் ஜாவா மகா மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டபோது அது தனிச் சம்பவமாகப் படவில்லை. ஏற்கெனவே திறந்திருந்த கோப்பில் இன்னொரு தாளாகப் போய்ச் சேர்ந்தது. தாயும் பிள்ளையும் போலீஸ் பாலாய்க்குப் போய்ப் புகார் எழுதி, நகலைக் கேட்டு வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த ஆண்டுகளில் பரவியது. சின்ன விஷயம்போலத் தெரியும். கையேந்தி நின்றவனை வாதியாக மாற்றிய பழக்கம் அது.

லண்டன் வழக்கையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். 2007 ஆகஸ்ட் 31-இல், சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில், ஒப்பந்தக் கூலிகளாக எங்களைக் கொண்டுவந்து பாதுகாப்பில்லாமல் விட்டுப் போனீர்கள் என்று பிரிட்டிஷ் அரசின் மேல் வேதமூர்த்தி வழக்குப் போட்டார். கேட்ட இழப்பீடு 4 லட்சம் கோடி அமெரிக்க டாலர். வழக்கறிஞருக்கு இது வாடிக்கை: மனுவில் உச்சத்தைக் கேள், கிடைக்கிறது கிடைக்கட்டும். ஆனால் அந்த எண் மனுவைவிட்டு வெளியே வந்து தெருவில் நடந்தபோது அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்து எதிரிகள் சிரித்தார்கள். நம்மவர்களிலும் சிலர் வகுத்துப் பார்த்தார்கள், அவர்கள் சிரிக்கவில்லை. லண்டனிலிருந்து இழப்பீடு என்று ஒரு காசு வரவில்லை. அந்த மனு சம்பாதித்துக் கொடுத்தது ஒரு வரலாற்றுப் பாடத்தை. லயத்துப் பாட்டியின் கதையை உலகம் கேட்கத்தக்க வழக்காக அது மாற்றியது. அதன் விலை, கோரிக்கை என்றால் இழப்பீடு என்று மக்கள் மனத்தில் பதிந்துபோனது.

அதே 2007-இல் பாகிஸ்தானிலும் கறுப்புக் கோட்டுகள் தெருவில் இறங்கின. தலைமை நீதிபதி இஃப்திகார் சௌத்ரியை அதிபர் முஷாரஃப் மார்ச்சில் ஒதுக்கிவைத்ததும் வழக்கறிஞர்கள் கிளர்ந்தார்கள். அவருக்காக வாதாடிய ஐத்ஸாஸ் அஹ்ஸன் முன்னாள் உள்துறை அமைச்சர், மக்கள் கட்சிக்காரர். ஜூலையில் சௌத்ரி திரும்பினார்; நவம்பர் நெருக்கடி நிலையில் மறுபடி தூக்கப்பட்டார்; 2009 மார்ச்சில் மறுபடி நாற்காலிக்கு வந்தார். இங்கே அந்தச் செப்டம்பரில் அம்பிகா ஸ்ரீநிவாசன் தலைமையில் வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் நடந்தார்கள், நீதிபதி நியமனங்கள் பற்றிய காணொளியை விசாரிக்க அரச ஆணையம் கேட்டார்கள், ஆணையம் அமைந்தது. இரண்டு இடத்திலும் கேட்டது ஓர் ஆணையால் கொடுக்கக்கூடிய ஒன்று. இண்ட்ராஃப் கேட்டதோ நூற்றைம்பது ஆண்டுக் கணக்கு. அதற்குத் தீர்ப்பு எழுத எந்த நீதிபதிக்கும் தாள் போதாது. அம்பிகா எந்தக் கட்சியிலும் சேராமல், எந்தத் தொகுதியிலும் நிற்காமல் இருந்துகொண்டார். அவருடைய செல்வாக்கின் ரகசியம் அதில் பாதி என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் லோயர்கள் நின்றார்கள். அங்கேதான் தொழிலின் குறை வெளிப்படத் தொடங்கியது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் பேசுவது தன் கட்சிக்காரருக்காக மட்டும். எதிர்த்தரப்பைச் சமாதானப்படுத்துவது அவர் வேலையல்ல. நீதிபதி ஒருவரை நம்ப வைத்தால் போதும். தேர்தலில் எதிர்த்தரப்பும் வாக்காளர்தான், நீதிபதியும் அவர்தான். நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருக்கும் நாம் இந்த நாட்டின் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் பெரும்பான்மை இல்லை. கிள்ளானிலும் இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரரையும் எதிர்க் கடைச் சீனரையும் சேர்க்காமல் ஒரு நாற்காலியும் கிடையாது. ஆனால் மனு எழுதிப் பழகிய கை, உச்சமான சொல்லைத்தான் தேடும். 2007 நவம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனுக்கு உதயகுமார் எழுதிய கடிதத்தில் 'இனச் சுத்திகரிப்பு' என்ற பொருளில் சொற்கள் வந்தன. 2001 கம்போங் மேடான் கலவரத்தில் உயிர்கள் போனது உண்மை. அந்தக் காயத்துக்குச் சரியான நியாயம் கிடைக்கவில்லை என்ற குறையும் நியாயமானது. ஆனால் அந்தச் சொல், அனுதாபத்தோடு கேட்டிருக்கக்கூடிய மலாய் நண்பரைக்கூடக் கதவடைக்க வைத்தது. அந்தக் கடிதத்துக்காக ஒருவரைச் சிறையில் போட்டது அநியாயம் என்பேன். கடிதம் கெட்டிக்காரத்தனமானது என்று சொல்லமாட்டேன்.

2008 மார்ச் 8-ஐ இவர்கள் கணக்கில் வரவு வைக்காமல் இருக்க முடியாது. தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு தோற்றார். கமுந்திங்கில் அடைபட்டிருந்த வழக்கறிஞர் மனோகரன், ஜனநாயக செயல் கட்சியின் (ஜசெக) வேட்பாளராகக் கிள்ளானின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். பிரசாரத்துக்கு வர முடியாத வேட்பாளருக்கு ஜாலான் தெங்கு கிளானா கடைக்காரர் முதல் சீனச் சந்தை வியாபாரி வரை ஓட்டுப் போட்டார்கள். வாதாட வாய் திறக்காமல் ஒரு லோயர் வென்ற ஒரே வழக்கு அதுதான் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றும்.

வேதமூர்த்தியின் பாதைதான் இன்னும் யோசிக்க வைக்கிறது. நாடு திரும்பி, ரவாங் கோயிலில் உண்ணாவிரதம் இருந்து, 2013 ஏப்ரல் 18-இல், பொதுத்தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது, பிரதமர் நஜிப்போடு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். இடம்பெயர்ந்த தோட்ட மக்கள், நாடற்றவர் பிரச்சினை, கல்வி, வேலை, தொழில் வாய்ப்பு எல்லாம் அதில் இருந்தன. துரோகம் என்று திட்டினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆளுங்கட்சியின் வாய்வார்த்தையை எழுத்தில் வாங்கியவர் அவர். வழக்கறிஞர் புத்தி செய்த நல்ல காரியம் அது. பிழை வேறிடத்தில். ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குப் போட ஒரு மன்றம் வேண்டும். அரசியல் ஒப்பந்தத்துக்கு மன்றம் என்பது அடுத்த தேர்தலும் கையிலிருக்கும் ஓட்டுகளும்தான். கையெழுத்துப் போட்ட அன்றே தன் ஓட்டுகளை முன்பணமாகக் கொடுத்துவிட்டவருக்கு, பிறகு எதை வைத்து நெருக்க முடியும்? துணையமைச்சராக இருந்து 2014 பிப்ரவரியில் விலகினார்.

2018-இல் பக்காத்தான் கூட்டணி அரசில் முழு அமைச்சராகத் திரும்பி வந்தபோதும் அதே புத்தி வேலை செய்தது. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா சேர வேண்டும் என்ற பேச்சு அவர் அமைச்சின் தலையில் விழுந்தது. தாளில் அது சரி. சட்டப் பாடத்தில் நூற்றுக்கு நூறு. ஆனால் கம்போங்குகளில் அந்த உடன்படிக்கை என்னவென்று சொல்ல ஆள் போகவில்லை, எதிர்ப்பாளர்கள் போனார்கள். நவம்பர் 23-இல் அரசு பின்வாங்கியது. மூன்று நாளில் சுபாங் ஜெயா சீபீல்ட் மாரியம்மன் கோயிலில் கலவரம். அதில் அடிபட்ட தீயணைப்பு வீரர் டிசம்பரில் இறந்தார். இத்தனைக்கும் நடுவில், தொகுதி இல்லாத செனட்டர் அமைச்சருக்காகக் குரல் கொடுக்க ஒரு வாக்காளர் கூட்டமும் இல்லை.

எனக்கு இதைவிட உறுத்துவது 2019 அக்டோபர். விடுதலைப் புலிகள் தொடர்பு என்று பன்னிரண்டு பேரை, அதில் இரண்டு ஜசெக சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட, சொஸ்மாவில் பிடித்தார்கள். இசாவை ஒழித்துவிட்டு 2012-இல் கொண்டுவந்த சட்டம் சொஸ்மா. அன்றைய அமைச்சரவையில் வேதமூர்த்தி, குலசேகரன், கோபிந்த் சிங் டியோ என்று மூன்று வழக்கறிஞர்கள் நம் பக்கத்தில் இருந்தார்கள். கமுந்திங்கின் நினைவு அந்த மேசையில் எவ்வளவு கனத்திருக்க வேண்டும்! கைதானவர்கள் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டது 2020 பிப்ரவரியில். சொஸ்மாவோ அந்த ஆட்சி கவிழ்ந்தபோதும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது.

கணபதிராவ் கதையில் இவ்வளவு நாடகம் இல்லை, அதனாலேயே அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சட்டமன்ற உறுப்பினர், சிலாங்கூர் ஆட்சிக்குழு, 2022-இல் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினர். சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் கோப்புகளைப் பார்ப்பது, மாநில ஒதுக்கீட்டை வாங்கிக் கொடுப்பது. போராட்டக்காரர் குமாஸ்தா ஆகிவிட்டார் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையின் தாய்க்கு லண்டன் மனுவைவிட ஒய்பி, அதாவது மக்கள் பிரதிநிதி, கையெழுத்துப் போட்ட கடிதம் உபயோகம். இந்த வழியின் குறை வேறு: நூறு கோப்பைத் தீர்த்தாலும் நூற்றொன்றாவது கோப்பு ஏன் வருகிறது என்று கேட்கும் சுதந்திரம் ஆளுங்கட்சி ஒய்பிக்குக் குறைவு. அதைக் கேட்கத்தான் அவர் ஒருகாலத்தில் கமுந்திங் போனார்.

2013 மே 5-ஆம் தேதி ஓட்டு எண்ணிக்கை இரவில், கிள்ளானிலேயே, கோத்தா ஆலாம் ஷாவில் கணபதிராவ் வென்றார். பக்கத்துக் கோத்தா ராஜாவில் சுயேச்சையாக நின்ற உதயகுமார் மிகச் சொற்ப ஓட்டோடு தோற்றார். அங்கே தமிழ் ஓட்டுக்குக் குறைவில்லை. ஒரு மாதம் கழித்து, ஜூன் 5-இல், கார்டன் பிரவுனுக்கு எழுதிய அந்தக் கடிதத்துக்காக அவருக்கு முப்பது மாதச் சிறை. பிறகு இருபத்து நான்காகக் குறைந்தது. கிள்ளான் கூண்டில் ஒன்றாக நின்ற மூவரில் ஒருவர் அந்த ஜூனில் சிலாங்கூர் ஆட்சிக்குழுவில் இருந்தார், ஒருவர் புத்ராஜெயாவில் துணையமைச்சர், ஒருவர் காஜாங் சிறையில். மூவருக்கும் தாங்கள் இன்னும் அதே வழக்கைத்தான் நடத்துகிறோம் என்ற நம்பிக்கை இருந்திருக்கும்.