சத்தம் போடாத கை

நல்ல நீச்சலைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடும். திகனப் பக்கத்தில் ஏதாவதொரு நீச்சல் தடாகத்தின் கரையில் காலை வேளையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். படார் படாரென்று தண்ணீரை அறைகிற ஒருவர் பாதித் தூரத்திலேயே மூச்சிரைத்து நின்றுவிடுவார். பக்கத்தில் போகிறவரிடமிருந்து மெல்லிய ஒரு 'சளக்' மட்டும் வரும். அவர் அதற்குள் மறுகரை தொட்டுத் திரும்பியிருப்பார்.

வளர்ந்தபின் முறையாக நீந்தப் பழக வருகிற இந்தப் பக்கத்தார் பலருக்கு மகாவலிதான் முதல் ஆசான். ஆறு கற்றுத்தருவது தலை நிமிர்ந்த நீச்சல். சுழியையும் பாறையையும் மிதந்துவரும் கட்டையையும் பார்க்காமல் ஆற்றில் இறங்க முடியாது. அதைக் குறை சொல்வதற்கில்லை. 1922இல் 100 மீற்றரை 58.6 செக்கனில் நீந்தி, உலகில் முதன்முதலாக ஒரு நிமிடத்துக்குள் முடித்த ஜொனி வைஸ்முல்லரும் தலையைத் தூக்கி, முதுகை வளைத்து நீந்தியவர்தான். பிறகு திரைப்படத்தில் டார்சானாக வந்தவரும் அவரே. 2024இல் பரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் சான்லே அதே தூரத்தை 46.40 செக்கனில் கடந்தார். இடையில் தடாகமும் பாய்ச்சலும் திருப்பமும் மாறியிருக்கின்றன. ஆனால் இரசிகன் முதலில் கவனிக்கவேண்டிய மாற்றம், தலை இறங்கியதுதான்.

நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சு மிதக்கும். கால் கனத்து அமிழும். உடல் ஒரு தராசு. தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும். முகத்தை நீருக்குள் வைத்து அடித்தரையைப் பார்த்தால் இடுப்பு தானாக மேலே வரும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால் பலத்தைக் கூட்டுவதைவிடத் தடையைக் குறைப்பதே இலாபம். வித்தை முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

அடுத்து மூச்சு. பழகாதவர் காற்றுக்காகத் தலையை உயர்த்துவார். தேர்ந்தவர் நீருக்குள்ளேயே மூச்சை விட்டு முடித்து, உடலோடு சேர்ந்து பக்கவாட்டில் உருளுவார். தலை முன்னே தள்ளும் அலைக்குப் பின்னால் சிறு பள்ளம் விழும். வாய் அங்கேயே காற்றை எடுத்துக்கொள்ளும். ஒரு கண் நீருக்குள் இருக்க, மறு கண் மட்டும் வெளியே தெரிவது அழகு.

கை இன்னும் நுட்பமானது. விரல் நுனி முதலில் நுழைய வேண்டும். முழங்கை உயர்ந்தே இருக்க, முன்கை செங்குத்தாக இறங்கி நீரைப் பிடிக்க வேண்டும். முழங்கை சரிந்தால் கை வழுக்கிப் போகும். அப்போதுதான் வெறும் நுரையும் சத்தமும் மிஞ்சும்.

சிறுபிள்ளை இவற்றையெல்லாம் பார்த்தே பிடித்துக்கொள்ளும். பெரியவரோ ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பழக வேண்டும். அது குறையல்ல, சுவை. அமெரிக்கரான டெரி லாஃக்ளின் 1989 முதல் பெரியவர்களுக்கென்று கற்பித்துவந்த முறையின் உயிரும் இதுதான்: முதலில் சமநிலை, பிறகு நீளம், அதற்குப் பிறகே வேகம்.

இந்த அழகின் உச்சம் ரஷ்யாவின் அலெக்சாண்டர் பொபோவ். 1992இல் பார்சலோனாவிலும் 1996இல் அட்லாண்டாவிலும் 50, 100 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்றவர். பயிற்சியாளர் கென்னாடி டூரெட்ஸ்கியிடம் மெதுவாக நீந்தி நீந்தியே வேகத்துக்கு வந்தவர். அந்தப் போட்டிப் பதிவுகளில் மற்றவர்கள் தண்ணீரோடு சண்டை பிடிக்க, அவர் கை மட்டும் அவசரப்படாது.

நம்மவரிடமும் சான்று உண்டு. 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணித்தியாலத்தில் நீந்தினார். இரண்டு பகல் இரண்டு இரவு தண்ணீரை அறைந்துகொண்டே போக எந்தத் தோளாலும் முடியாது. சிக்கனம் இருந்தால்தான் அந்தத் தூரம் வசப்படும்.

ஆகவே அடுத்த முறை யார் முந்துகிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணுங்கள். பத்தாவது நீளத்தில் மறுபடி எண்ணுங்கள். களைத்த பிறகும் எண்ணிக்கை ஏறாமல் வருகிறவரே வித்தை தெரிந்தவர், அவர் கடைசியாக வந்தாலும்.