குடிமராமத்து என்னும் பழங்கதை: டேவிட் மாஸின் ஏரி ஆய்வை முன்வைத்து

ஏரிகளைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே கதையில்தான் வந்து நிற்பார்கள். அந்தக் காலத்துல ஊரே கூடி ஏரியைப் பார்த்துக்கிச்சு, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான், மிச்சத்தைப் பொதுப்பணித்துறை கெடுத்துச்சு. மங்கலம்பேட்டை டீக்கடையிலும் இதேதான், சென்னைக் கருத்தரங்கிலும் இதேதான். இந்தக் கதையை உட்கார வைத்து நிதானமாகக் குறுக்கு விசாரணை செய்த நூல், டேவிட் மாஸ் எழுதிய ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ (2003). இருபது வருஷம் தாண்டியும் அதைப் படிக்க வேண்டிய காரணம் இருக்கு.

மாஸ் ஒரு மானுடவியலாளர். 1980-களில் சிவகங்கை - ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தவர். பிறகு ஆக்ஸ்ஃபாம் நிறுவனத்தின் பிரதிநிதியாகப் பெங்களூரில் வேலை பார்த்தார். அதனால் ஊர்க்காரர் பேச்சும் தெரியும், நிதி கொடுப்பவர் பேச்சும் தெரியும். நாம ஏரி என்பதை அங்கே கண்மாய் என்பார்கள். ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்ததுக்குப் போகும் சங்கிலிக் கண்மாய்கள்.

அவருடைய வாதம் சுருக்கமாக இதுதான். கண்மாய் வெட்டுவதும் அதற்கு மானியம் விடுவதும் மன்னர்களும் ஜமீன்களும் தங்கள் ஆட்சியை ஊன்றிக்கொண்ட வழி. அதிகாரம் ஆட்டம் கண்டபோது கரையும் ஆட்டம் கண்டது. தண்ணீரைப் பங்கிடும் கூட்டு ஏற்பாடு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. மேட்டு நிலத்துக்கு ஒரு வழக்கம், பள்ளத்துக்கு ஒரு வழக்கம். மண்ணும் மழையும் மட்டும் இதை முடிவு செய்யவில்லை. அந்தந்த ஊரை யார் ஆண்டார்கள் என்ற வரலாற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

நூலின் உச்சம் என்று நான் நினைப்பது குடிமராமத்து பற்றிய பகுதி. இதை நாம் ஆயிரம் வருஷத்து வழக்கம் என்று நம்புகிறோம். பராமரிப்புச் செலவைக் குறைக்கப் பார்த்த 19-ஆம் நூற்றாண்டு அதிகாரிகள், ஊர் உழைப்பை ‘தொன்றுதொட்ட வழக்கம்’ என்று எழுதி வைத்ததில் இந்த நம்பிக்கையின் பெரும்பகுதி உருவானது என்கிறார் மாஸ். 1858-இல் மதராஸ் மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். தானாக நடக்கிற வழக்கத்துக்கு எதுக்குச் சட்டம்?

அடுத்தது மடை திறந்து வயலுக்கு நீர் விடும் நீர்ப்பாய்ச்சி. பெரும்பாலும் தலித் மக்கள் செய்த வேலை. எந்த வயலுக்கு எத்தனை நேரம் என்று கணக்கு வைத்திருந்தவர்களுக்கு ஊர் மரியாதையில் கடைசி இடம். கண்மாய் மீனும் மரமும் ஏலம் போய் வரும் காசு கோயில் திருவிழாவுக்குப் போகும். அங்கே யாருக்கு முதல் மரியாதை என்பதும் சாதிக் கணக்குதான். ஏரி ஒழுங்கையும் சாதி ஒழுங்கையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள். ‘பழைய முறைக்குத் திரும்புவோம்’ என்பவர்கள் இந்த முடிச்சை என்ன செய்யப் போகிறார்கள்?

இவ்வளவும் சரி. ஆனால் கடலூர் மாவட்டத்தில் உட்கார்ந்து படிக்கும்போது இடிக்கும் இடமும் உண்டு. மாஸின் ஆய்வில் சண்டை பெரும்பாலும் ஊருக்குள்ளேயோ, அடுத்தடுத்த ஊர்களுக்கு நடுவிலேயோதான். வீராணத்தை எடுத்துக்கோங்க. முதலாம் பராந்தகன் காலத்துச் சோழர் ஏரி. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. 2004 முதல் புதிய வீராணம் திட்டத்தில் நாளுக்கு 18 கோடி லிட்டர் வரை சென்னைக்கு எடுக்கலாம். 200 கிலோமீட்டருக்கு அப்பால் குழாய் திறப்பவரும் இப்போது இந்த ஏரியின் ஆயக்கட்டுதாரர்தான். அவரிடம் முறை வைக்க எந்த நீர்ப்பாய்ச்சியாலும் முடியாது. ஆறும் மாநகரமும் சேர்ந்து இழுக்கும் இப்படி ஒரு ஏரியைப் புரிந்துகொள்ள, மானாவாரிக் கண்மாய்களில் உருவான மாஸின் கண்ணாடி போதாது.

இன்னொரு குறை: எல்லாக் கூட்டு முயற்சிக்குப் பின்னாலும் அதிகாரத்தைத் தேடியே பழகிவிட்டால், தூர்ந்துபோன வரத்து வாய்க்காலை நாளைக்கு யார் வெட்டுவது என்ற கேள்விக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஊர் கூடி வேலை செய்வது அரைகுறையாக இருந்தாலும் தேவைதான்.

இருந்தாலும் இந்த நூலின் எச்சரிக்கை நமக்கு நேரடியாகப் பொருந்தும். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. வேலையைப் பாசனதாரர் சங்கங்களிடம் கொடுத்து, 10 சதவீதப் பங்களிப்பை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ கேட்டார்கள். சங்கம் என்றால் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள். ஏரியில் ஆடு மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், நிலமில்லாமல் கூலிக்குப் போகிறவர், விருத்தாசலம் சுற்று வட்டாரத்தில் பானை வனைய ஏரி மண் எடுக்கும் குயவர் இவர்களெல்லாம் அந்தக் கணக்கில் எங்கே? ‘ஊர்’ என்று பொதுவாகச் சொல்லும்போதே பாதி ஊர் வெளியே நின்றுவிடுகிறது.

அதனால் உங்க ஊர் ஏரிக்கு அடுத்த தடவை ‘மக்கள் பங்கேற்பு’ பேனர் கட்டினால், பங்கேற்கும் மக்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.