மீனாவின் கணக்கும் தீப்பெட்டிக் கணக்கும்: ராம் மோகனின் அசைவூட்டப் படைப்பு குறித்த ஒரு மதிப்பீடு

இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியான ராம் மோகன் (1931–2019) 1956இல் மும்பையிலிருந்த மத்திய அரசின் திரைப்படப் பிரிவில் சேர்ந்து, டிஸ்னி நிறுவனக் கலைஞர் கிளேர் வீக்ஸிடம் பயிற்சி பெற்றார். பொதுநலக் கருத்துகளைச் சில கோடுகளில் எளியோர்க்கு உணர்த்தும் முறை அங்கே அவருக்குக் கைவந்தது. 1990களின் தொடக்கத்தில் யுனிசெஃப் அமைப்புக்காக அவர் வடிவமைத்த ‘மீனா’ அம்முறையின் முதிர்ந்த வெளிப்பாடாகும்.

தெற்காசிய நாடுகள் பலவற்றுக்கும் பொருந்துமாறு மீனாவின் உடையும் ஊரும் பொதுமைப்படுத்தப்பட்டன. இப்பொதுமையால் படம் பல மொழிகளிற் பரவியது. ஆயினும், ஆனைக்குட்டம் முதலிய சிற்றூர்களை உள்ளடக்கிய சிவகாசித் தொழில் வட்டாரத்தின் வரலாற்றோடு ஒப்பிடுகையில் அதன் போதாமை புலனாகிறது.

கோழிகளை எண்ணும் கதையில், பள்ளி மறுக்கப்பட்ட மீனா கிளியின் வாயிலாக எண்களைக் கற்கிறாள். கோழி திருடப்பட்டதைக் கண்டறிகிறாள். பெற்றோர் மனம் மாறுகின்றனர். சிவகாசி வட்டாரச் சிறுமியருக்கோ எண்ணிக்கை புதிதன்று. 144 பெட்டிகள் கொண்ட குரோஸ் கணக்கில் தீப்பெட்டி ஒட்டியவர்களுக்கு எண்ணிக்கையே கூலியின் அளவாக இருந்தது. அங்குப் பள்ளிக்குத் தடையாக நின்றது பெற்றோரின் அறியாமை மட்டுமன்று. சிறுமியின் வருவாயை எதிர்நோக்கிய குடும்பத்தின் வறுமையும், குறைந்த கூலியை நாடிய தொழிலும் ஆகும்.

இவ்வேறுபாட்டைச் சிவகாசிச் சிறார் தொழில் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தெளிவுபடுத்துகிறது. சிறாரைப் பணியமர்த்தியவர் ஒரு சிறாருக்கு ரூ. 20,000 செலுத்த வேண்டும். சிறாரின் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை கிடைக்கச் செய்ய வேண்டும், இயலாதெனில் ரூ. 5,000 வழங்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. மீனாவின் கதை மனமாற்றத்தைத் தீர்வாக முன்வைக்க, தீர்ப்பு மாற்று வருவாயைத் தீர்வின் பகுதியாக்கியது.

உழைப்பைச் சித்திரிக்கும் ஆற்றல் ராம் மோகனிடம் இல்லாமலில்லை. மாம்பழத்தைப் பங்கிடும் கதையில் மீனாவின் வேலைகளை ஒருநாள் ஏற்கும் தம்பி ராஜூ, அவற்றின் சுமையை உடலால் உணர்கிறான். பெண்பிள்ளையின் வீட்டு உழைப்பை உழைப்பாகவே காட்டிய அக்காட்சி பாராட்டுக்குரியது. எனினும் கூலி உழைப்பு அங்கும் இடம்பெறவில்லை.

ஆகவே, ராம் மோகனை முன்னோடியெனப் போற்றுவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. அவரது எளிய கோடுகள் எவற்றைக் காட்டின, எவற்றை விடுத்தன என்பதையும் அது ஆராய வேண்டும்.