கோரிக்கை மனுவில் ஏறாத சொற்கள்

தொழிற்சங்கங்களைப் பற்றி நம் சூழலில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே சுற்றிச் சுற்றி வருகின்றன. தலைமை தொழிலாளிக்குத் துரோகம் செய்ததா இல்லையா என்பது ஒன்று. சங்கம் பொருளாதாரவாதத்தில் மூழ்கிவிட்டதா, அரசியலை நோக்கி நகர்ந்ததா என்பது மற்றொன்று. இரண்டும் தேவையான கேள்விகள்தாம். ஆனால் இவற்றுக்கு முந்தைய கேள்வி ஒன்று கேட்கப்படாமலே கிடக்கிறது. கோரிக்கை மனுவை யார் எழுதுகிறார்கள்? வேலைத்தளத்தில் வாயால் பேசப்படும் ஒரு குறை, சங்க அலுவலகத்து மேசைக்கு வந்து, தட்டச்சாகி, வரிசை எண் பெற்று நிர்வாகத்திடம் போய்ச் சேர்கிற வழியில் அதற்கு என்ன நேர்கிறது? கவிதையையும் நாவலையும் வரிவரியாகப் பிரித்துப் பார்க்கப் பழகிய நாம் கோரிக்கை மனுவை ஒரு பிரதியாக வாசித்ததில்லை. அப்படி வாசித்துப் பார்ப்பதே இங்கு என் நோக்கம்.

தையல் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களிடம் பேசியிருக்கும் எவரும் இதைப் போன்ற பேச்சைக் கேட்டிருப்பார்கள்: "மத்தியானம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்லீங்க. குடிச்சா போகணும். போகணும்னா சூப்பர்வைசர்கிட்ட கேக்கணும். நாலு பேர் முன்னாடி, 'இப்பத்தானே போய்ட்டு வந்தே'ம்பான்." இது மனுவில் ஏறும்போது இப்படி ஆகிறது: "பெண் தொழிலாளர்களுக்குப் போதிய கழிப்பறை வசதி செய்து தரப்பட வேண்டும்." மொழி சுத்தமாகிவிட்டது. ஆனால் போனது என்னென்ன? தாகம் போய்விட்டது. கேட்டுவிட்டுப் போகவேண்டிய கேவலம் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கிற ஆள் போய்விட்டான். செயப்பாட்டுவினை அவனை வாக்கியத்திலிருந்து காப்பாற்றிக் கரையேற்றிவிட்டது. இனி நிர்வாகம் கூடுதலாக இரண்டு கழிப்பறை கட்டிக் காட்டினால் கோரிக்கை நிறைவேறியதாகக் கணக்கு. அந்தப் பெண் முன்போலவே தண்ணீர் குடிக்காமல் இருப்பாள்.

அடுத்தது பேச்சுவார்த்தை. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் கீழ் போடப்பட்டு வந்த 12(3), 18(1) ஒப்பந்தங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, போனஸ் என்று எண்ணாக மாறக்கூடியவை முன்வரிசையில் நிற்கும். எண்ணாக மாறாதவை கடைசியில், "நிர்வாகம் பரிசீலிக்கும்" என்ற ஒற்றை வரியில் அடங்கும். பேரத்தில் முதலில் விட்டுக்கொடுக்கப்படுபவையும் இவைதாம். இதைக் கேட்டால், "அதெல்லாம் சில்லறை விஷயம் தோழர், முதல்ல கூலி" என்று பதில் வரும். இந்தச் 'சில்லறை' என்ற சொல்லைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் சங்கம் என்பதே இங்கு ஒரு சில்லறை விஷயத்திலிருந்து முளைத்தது. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பி.பி. வாடியாவை அழைத்து வந்து பெரம்பூரில் கூட்டம் போட்ட நாட்களில், பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம். அரைமணிதான் கொடுக்கிறான், சோறு தொண்டையில் இறங்குவதற்குள் ஊதிவிடுகிறான் என்பது. நேரத்தின் மேல் யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி அந்த அரைமணியில் அடங்கியிருந்தது. தொழில் முதலாளியம் கடிகாரத்தைக் கொண்டு மனிதனைப் பழக்கிய கதையை இ.பி. தாம்ஸன் 1967இல் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். பெரம்பூர்த் தொழிலாளி அதை அரை நூற்றாண்டுக்கு முன்பே சோற்றுத் தூக்கின் மொழியில் சொல்லிவிட்டான்.

பின்னி நிர்வாகம் வாடியாவின் மீது உயர்நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியதும், அது கிளப்பிய விவாதம் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில் போய் முடிந்ததும் பலரும் சொன்ன கதை. அந்தச் சட்டம் சங்கத்துக்கு உயிர்ப் பாதுகாப்புக் கொடுத்தது. இதை யாரும் மறுக்க முடியாது. அதே சமயம் ஒரு வடிவத்தையும் கொடுத்தது: பதிவு, விதிமுறைகள், நிர்வாகிகள், உறுப்பினர் பட்டியல், எழுதிய தாள். எழுதத் தெரிந்தவன் சங்கத்தின் குரலாவதற்கு இந்த வடிவமும் ஒரு காரணம்.

1921இல் அதே ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தை இங்கே நினைவுபடுத்த வேண்டும். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. வேலைநிறுத்தம் தோற்றது. நிர்வாகமும் அரசும் பிளவை ஊதிப் பெருக்கின என்பது ஒரு தரப்பு. ஒடுக்கப்பட்டோரின் பிழைப்பைப் பணயம் வைக்க மற்றவர்களுக்கு என்ன உரிமை என்பது எம்.சி. ராஜாவின் பக்கம் நின்றவர்களின் தரப்பு. இரண்டு தரப்புக்கும் அடியில் இருப்பது ஒன்றே: 'தொழிலாளர்' என்று மனு ஒருமித்து விளித்த கூட்டம், ஆலைவாசலைத் தாண்டினால் தெருவாகவும் சேரியாகவும் பிரிந்துதான் வீட்டுக்குப் போனது. மனுவில் இதற்கு இடமில்லை. மனு ஒரே குரலில்தான் பேச முடியும். அந்த ஒரே குரல் யாருடையது என்று கேட்காமல் விட்டதற்கான விலை 1921இலேயே கொடுக்கப்பட்டது.

2015 செப்டம்பரில் மூணாறில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. கேட்டவர்கள் தமிழ்ப் பெண்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்துவரும் குடும்பங்கள், பெரும்பாலோர் தலித்துகள். கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். நிர்வாகத்தோடு சேர்த்து மூன்று பெரிய சங்கங்களையும் எதிர்த்தார்கள். சங்கத் தலைவர்களைத் தங்கள் பந்தலில் நிற்க விடவில்லை. தாங்கள் லயத்தில் ஒற்றை அறையில் குடும்பத்தையே அடைத்துக்கொண்டு கிடக்க, தங்கள் பெயரால் பேசுகிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை முச்சந்தியில் வைத்துக் கேட்டார்கள். சுமார் 9 நாட்களில் 20 சதவீதமும் கிடைத்தது.

அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரைக் கவனியுங்கள்: 'பொம்பிளை ஒருமை'. 'பெண்கள் ஒற்றுமை முன்னணி' என்று எழுதிக்கொடுக்க ஆள் கிடைக்காமல் போயிருக்காது. லயத்து வாசலில் பேசுகிற சொல்லையே கொடியாக உயர்த்தியதில் ஓர் அரசியல் இருக்கிறது. எழுதத் தெரிந்தவனின் கையிலிருந்து மனுவைப் பிடுங்கிக்கொண்ட செயல் அது.

அடுத்த மாதம் நடந்ததையும் சொல்லாவிட்டால் இது வெறும் புகழ்மாலையாகிவிடும். தோட்டத் தொழிலாளர் குழுவில் கூலிப் பேச்சு நடந்தபோது பதிவு பெற்ற சங்கங்களே உள்ளே உட்கார்ந்தன. பொம்பிளை ஒருமை வெளியே நின்றது. நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. அவர்கள் கேட்டது 500. கூடவே, நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏற்றப்பட்டது. கூலி என்ற எண் மேலே போனது, சுமை என்ற எண்ணும் மேலே போனது. முதல் எண் செய்தியாயிற்று. இரண்டாவது எண் முதுகில் ஏறிற்று. அந்த மேசையில் கொழுந்துக் கூடை சுமந்த ஒருத்தி உட்கார்ந்திருந்தால் நாலு கிலோவுக்கு அவ்வளவு சுலபமாகக் கையெழுத்து விழுந்திருக்குமா?

ஆக, பேச்சுக்கு வடிவம் தேவை. வடிவம் இல்லாத பேச்சு வாசலோடு நின்றுவிடுகிறது. சட்டம் அந்த வடிவத்தைத் தந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நாற்காலியின் கதையைச் சொல்ல வேண்டும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலைசெய்த பெண்கள், தையல்காரரான விஜி முன்னின்று தொடங்கிய 'பெண்கூட்டு' வழியாக முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்களின் வாழ்வை 'அங்காடித் தெரு' 2010இலேயே திரையில் காட்டியிருந்ததை நினைத்தால், தாமதமாகவேனும் வந்த நல்ல சட்டம்.

ஆனால் பிரிவின் வாசகத்தை வாசியுங்கள். வேலையின் இடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தக்கவாறு இருக்கை இருக்கவேண்டும் என்பதே அதன் சாரம். வாய்ப்புக் கிடைத்ததா இல்லையா என்று யார் தீர்மானிப்பது? மாடியில் நின்று பார்க்கிற மேலாளர்தானே? சட்டம் நாற்காலியைக் கொடுத்தது. "இப்ப உக்காரலாம்" என்று சொல்கிற வாயைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டது. கடைக்குள் சங்கம் இல்லாத இடத்தில் அந்த நாற்காலியில் துணிமூட்டைதான் உட்காரும்.

திண்டுக்கல் ஒப்பந்தம் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். திண்டுக்கல் வட்டாரத்தில் தொழிற்சங்கம் புதிதல்ல. தோல் பதனிடும் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்ற தலித் தொழிலாளர்கள் சங்கமான வரலாற்றை டி. செல்வராஜ் 'தோல்' நாவலாக்கி, அதற்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. அதே வட்டாரத்தில் 2021 ஜனவரியில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலைசெய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கொலையாளி அவருடைய மேற்பார்வையாளர். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதைத் தனிமனிதக் குற்றம் என்று முடித்துவிடச் சம்மதிக்கவில்லை. டார்கெட், வசவு, பாலியல் தொல்லை, சாதி நான்கும் ஒரே லைனில் ஓடுகிற விஷயங்கள் என்று சொன்னது. வெளிநாட்டு அமைப்புகளோடு சேர்ந்து நடத்திய பிரச்சாரத்தின் முடிவில், 2022 ஏப்ரலில் ஆலை உரிமையாளரும் ஆடை வாங்கும் பன்னாட்டு நிறுவனமும் கட்டுப்படவேண்டிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

இதன் வடிவத்தைப் பாருங்கள். தொழிலாளிகளிலிருந்தே தேர்ந்தெடுத்துச் சங்கம் பயிற்சி கொடுத்த கண்காணிப்பாளர்கள் லைனில் இருப்பார்கள். குறையை எழுதித் தரவேண்டியதில்லை, பக்கத்து மிஷின்காரியிடம் வாயால் சொன்னால் போதும். கேட்டவள் அதை எடுத்துச்செல்லக் கடமைப்பட்டவள். சொன்னதற்காகப் பழிவாங்கக் கூடாது. செயப்பாட்டுவினையில் தப்பித்துப் போயிருந்த மேற்பார்வையாளன் இங்கே பெயரோடு வாக்கியத்துக்குள் திரும்பி வருகிறான். ஒரு மரணத்துக்குப் பிறகுதான் இது சாத்தியமாயிற்று என்பது இதன் அவமானம். வேலைநிறுத்தத்தின் பலத்தைவிட, ஆர்டரை நிறுத்திவிடுவேன் என்று சொல்லக்கூடிய வெளிநாட்டு வியாபாரியின் பலத்தில் இது நின்றது என்பது இதன் பலவீனம். ஆர்டர் வேறு ஊருக்குப் போனால் ஒப்பந்தமும் கூடவே போய்விடும். இதை நான் ஒரு முன்மாதிரி என்று தூக்கிப் பிடிக்கவில்லை. குறைகேட்கும் வேலையை அலுவலகத்திலிருந்து லைனுக்கு இறக்க முடியும் என்பதற்கான சான்று என்று மட்டுமே சொல்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெருங்கதையாடல்கள் செத்துவிட்டன, இனிச் சின்னச் சின்னக் கதையாடல்களே போதும் என்று சொல்லும் நண்பர்கள் நாற்காலியையும் கழிப்பறையையும் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுக்கக்கூடும். அதற்கு நான் ஆளில்லை. 2024 செப்டம்பர் 9 தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாட்கள் வெளியே நின்றதன் மையத்தில் இருந்தது சங்கத்தைப் பதிவுசெய்து கொள்ளும் உரிமை. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக்கூடாது என்பதுவரை தகராறு போயிற்று. பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்போ, பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீதம் காட்டுகிற சங்கமே தனியாகப் பேச்சு நடத்தலாம் என்கிறது. ஆள்பலம் இல்லாத பேச்சை இனி எந்த மேசையும் கேட்கப்போவதில்லை. பெரிய சங்கம் வேண்டும், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த 51 எங்கிருந்து வரும்? போனஸுக்கு ஒருதரம், தேர்தலுக்கு ஒருதரம் வாயிற்கூட்டம் போட்டால் வராது. தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறவள், தன் தாகம் மனுவின் எந்த வரியிலும் இல்லை என்று கண்டுகொண்டபின் எதற்காகச் சந்தா கட்டுவாள்? சில்லறை என்று ஒதுக்கப்பட்டதுதான் சங்கத்தின் முதல். மனுவை எழுதி முடித்ததும் அதை லைனுக்குக் கொண்டுபோய் உரக்க வாசிக்கட்டும் நம் தோழர்கள். "இது நான் சொன்னது இல்லியே" என்று ஒருத்தி சொன்னால், தாளைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுத உட்காரட்டும்.