எண்ணி நெய்த கோபுரங்கள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நெசவாளர் சட்டென்று நாடாவை நிறுத்தினார். "கொஞ்சம் இருங்க சார், எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்று சொல்லி, நெய்த ஊடையில் நாலைந்து இழையை உருவப் போனார். தறியின் ஓரத்தில் கரை நாடாவோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி, தலையைத் தூக்காமலே "பதினொண்ணு" என்றார். தறி மறுபடி ஓடியது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தது ரேக்கு. சேலைக் கரையிலிருந்து உடலுக்குள் கோபுரம் கோபுரமாக நீண்டு நிற்குமே, அதுதான். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் மூன்று நாடாக்கள்: இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று. உடலின் ஊடை, அதாவது குறுக்கிழை, கரை முடியும் இடத்தில் கரையின் ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடும். அதனால்தான் அரக்குச் சேலையில் பச்சைக் கரை கலங்காத பச்சையாக நிற்கிறது. ஒரே நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடினால் அரக்கு கரைக்குள்ளும் புகுந்து பச்சையை மங்கடித்துவிடும். மூன்று நாடாவுக்கு ஒருவர் கை போதாது. ஆகவே துணைக்கு இன்னொருவர்.

நேர்க்கரை என்றால் கோக்கும் இடம் மாறாது. ரேக்கு வைத்தால் அந்த இடம் படிப்படியாக உடலுக்குள் நகர வேண்டும். படிக்கு நான்கு பாவு இழை, அதாவது நெடுக்கிழை, என்று வைத்துக்கொள்வோம். இருபது படியில் எண்பது இழை தாண்டி உச்சி. அங்கிருந்து அதே இருபது படியில் இறக்கம். நம் கண்ணுக்குச் சாய்கோடாகத் தெரிவது உண்மையில் மாடிப்படி. அருகில் போய்ப் பார்த்தால் படி தெரியும், இரண்டடி தள்ளி நின்றால் கோடு தெரியும். பட்டின் நயம் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது என்பேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று. படிகளை எண்ணிவிட்டால் மட்டும் கோபுரம் அமைந்துவிடாது. ஊடையை அச்சால் இறுக்கி அடித்தால் படிகள் நெருங்கிக் கோபுரம் ஒல்லியாகும். தளர அடித்தால் அடி அகன்று குட்டையாகிவிடும். எண்ணிக்கை அதேதான், சாய்வு மட்டும் வேறு. சாய்வைத் தீர்மானிப்பது ஓர் அங்குலத்தில் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்ற விகிதம். வடிவம் வரைகிற கட்டத்தாளில் கட்டங்கள் எப்போதும் சதுரமாக இல்லாததற்கும் இதுவே காரணம். பத்துப் பதினைந்து நாள் நெய்கிற சேலையில் முதல் நாள் கோபுரமும் கடைசி நாள் கோபுரமும் ஒரே உயரம், ஒரே அகலம் என்றால், அத்தனை நாளும் அந்தக் கை ஒரே அடி அடித்திருக்கிறது என்று பொருள்.

கட்டம் போட்ட சேலையில் இருப்பது வேறு கணக்கு. உடலில் 3,600 பாவு இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்கு 70 இழை வைத்தால் 51 கட்டம் போக 30 இழை மிஞ்சி, ஓரத்தில் நறுக்கிய கட்டம் ஒன்று நிற்கும். 90 வைத்தால் மிச்சமே இல்லை, சரியாக 40 கட்டம். ஆனால் 'பாலும் பழமும்' போல இரண்டு நிறம் மாறிமாறி வரும் கட்டத்தில் அதுவும் உதவாது: ஒரு கரையருகே பால், மறு கரையருகே பழம் என்று ஆகிவிடும். 80 வைத்தால் 45 கட்டம். பாலில் தொடங்கிப் பாலில் முடியும். சீர்வரிசைத் தட்டை ஒற்றைப்படையில் வைக்கும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெயர் வைப்பதில் மட்டும் இந்த ஊர் தாராளம். 'ஆயிரம் புட்டா' என்ற பெயரைக் கேட்டுப் புட்டாக்களை எண்ணத் தொடங்கிவிடாதீர்கள். வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில்கூட எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு என 96 தூண்கள்தான்.

சாதாரணமாக மூன்று சேலைக்குச் சேர்த்துப் பாவு ஓடுவார்கள். நீலப் பாவில் பச்சை ஊடை போனால் மயில் கழுத்து. அதே பாவில் அடுத்த சேலைக்குச் சிவப்பு ஊடை கொடுத்தால் ஊதா மின்னும். ஐந்து நிறப் பாவும் ஐந்து நிற ஊடையும் இருந்தால் இருபத்தைந்து சேலை. நூல் சாயம் போடுகிறவரின் அடுப்பில் ஐந்தே நிறம்.

ஜக்கார்டு வருவதற்கு முன் பூ வேலைக்கு 'அடை' கட்டினார்கள். ஒவ்வொரு ஊடைக்கும் எந்தெந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்பதை நூல் முடிச்சுகளில் கட்டி வைக்கும் முறை அது. நூலால் ஆன நினைவகம் என்றே சொல்லலாம். பிறகு துளையிட்ட அட்டை வந்தது. அந்த அட்டையால் இயங்கும் பொறியை 1804-இல் அமைத்தவர் லியோன் நகரத்து ஜக்கார்டு. அதே அட்டை முறையைத்தான் கணித அறிஞர் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அட்டை வந்ததும் முந்தானையில் தேரும் யானையும் தெய்வ உருவமும் நிறைய வந்துவிட்டன. திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓவியம்போல் நெய்த முந்தானை, ஓவியத்தோடு ஒப்பிடப்பட்டுத் தோற்றுவிடுகிறது. ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் மீட்டெடுத்த அகலக் கரைச் சேலைகளில் ரேக்கும் கோடும் கட்டமும் போதுமானதாக இருந்தன. என் ஓட்டு அந்தப் பக்கம்.

உங்கள் வீட்டு பீரோவில் அம்மாவுடையதோ பாட்டியுடையதோ பழைய காஞ்சிப்பட்டு ஒன்று இருக்கலாம். பகல் வெளிச்சத்தில் எடுத்துத் தரையில் விரியுங்கள். கரை சேரும் இடத்தை உள்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். கோர்வைச் சேலையானால் கோத்த மேடு தட்டுப்படும். பிறகு இடக்கரைக் கோபுரம் ஒன்றின் உச்சியில் விரலை வைத்து, நேர் எதிரே வலக்கரையைப் பாருங்கள். அங்கேயும் உச்சி இருந்தால், இரண்டு பேர் தப்பாமல் எண்ணியிருக்கிறார்கள்.