மிகுபுனைவும் எழுத்தொழுக்கமும்

மிகுபுனைவு என்பது உழைப்பு வேண்டாத கட்டற்ற கற்பனை என்னும் கருத்து நம்மிடையே நிலவுகின்றது. ஜெயமோகனின் எழுத்துப்பணி இதனை மறுக்கின்றது. மகாபாரதத்தை மறுஆக்கம் செய்த ‘வெண்முரசு’ வரிசையை, நாவல்களுக்கிடையே சிறு இடைவெளிகள் நீங்கலாக, 2014 சனவரி முதல் 2020 சூலை வரை நாள்தோறும் இணையத்தில் வெளியிட்டு, 26 நாவல்களாக அவர் நிறைவு செய்தார்.

இவ்வொழுக்கத்திற்குத் துணைநின்றது பிறந்த மண்ணின் நினைவாகும். ‘விஷ்ணுபுரம்’ (1997) காட்டும் நகரம் கற்பனையே. எனினும், அதன் நடுவே கிடக்கும் பேருருவச் சிலை குமரி மாவட்டத்துத் திருவட்டாற்றில் பள்ளிகொண்ட ஆதிகேசவப் பெருமாளை நமக்கு நினைவூட்டுகின்றது.

இந்நோக்கில் மூவாரைக் காண்போம். நகருக்கு வடக்கே லேடாங் மலை நிற்கின்றது. அம்மலையின் இளவரசியை மணக்க விழைந்த மலாக்கா சுல்தான் மாமூதிடம் பொற்பாலமும் வெள்ளிப்பாலமும் கொசுக்களின் நெஞ்சங்களும் கேட்கப்பட்டதை ‘செஜாரா மெலாயு’ கூறுகின்றது. மகனின் குருதி கேட்கப்பட்டபோதே மன்னனின் வேட்கை தளர்ந்தது. அதிகாரத்தின் எல்லையை வினவும் கதை இது. தோட்ட வாழ்வின் நடப்பியலைப் பெரிதும் போற்றிவந்த மலேசியத் தமிழ் நாவலுக்கு இஃது ஏற்ற களமாகும். களம் அருகிலேயே உள்ளது; நாள்தோறும் எழுதும் உறுதியையே நம் மாணவரிடம் நாம் வளர்த்தல் வேண்டும்.